எட்டடி மேசை

எங்கள் வீடு தீவில், ஆயர் ஈத்தாம் என்ற ஊரின் மலைச்சரிவில் இருக்கிறது. சாலையில் நின்று பார்த்தால் மற்ற வீடுகளைப் போல இரண்டடுக்கு வீடுதான். பின்பக்கம் நிலம் சட்டென்று இறங்கிவிடுவதால் சாலை மட்டத்துக்குக் கீழே இன்னோர் அறை உண்டு. கூடத்திலிருந்து பன்னிரண்டு படி இறங்க வேண்டும். நானும் மகனும் அதைக் கீழறை என்போம். என் கணவர் மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேஸ்மென்ட் என்று சொல்லிக்கொள்வார். மலையை ஒட்டிய சுவரில் வருடம் முழுவதும் ஈரம் கசியும். உடைந்த மின்விசிறி, தீபாவளி விளக்குச் சரம், மகன் படித்த பாடப் புத்தகங்கள் என்று தூக்கிப் போட மனம் வராத எல்லாம் அங்கேதான் கிடந்தன.

மகனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஒரே பிள்ளை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக ஐந்து வருடம் வேலை செய்தான். ஒப்பந்தம் முடிந்தது, அவர்கள் புதுப்பிக்கவில்லை. முதல் சில மாதங்கள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்தான். பிறகு கணினியிலேயே விண்ணப்பம் அனுப்பினான். பிறகு அதுவும் நின்றது. எந்த நாளில் அவன் அறைக் கதவைச் சாத்தினான் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாளில் நடந்திருந்தால் நான் கவனித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. முதலில் காலையில் எழுந்திருக்கவில்லை. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. பிறகு நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. கடைசியில் நான் தட்டை மாடிக்குக் கொண்டுபோய் அவன் அறை வாசலில் வைக்க ஆரம்பித்திருந்தேன். ஒருமுறை எப்படியோ மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் போட்டான், தூக்கமாகவே வருகிறது என்று விட்டுவிட்டான்.

என் கணவர் கப்பல் அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா எல்லோருமே ஏதாவது ஓர் அலுவலகத்தில் பேனா பிடித்தவர்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் மகனைப் பார்த்து, “நம்ம குடும்பத்துல வேலை இல்லாம ஒருத்தனும் வீட்ல உக்காந்ததில்ல,” என்றார். கத்திச் சொல்லவில்லை. நாளிதழில் படித்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான், படியேறிப் போனான். அதன் பிறகு பதினோரு மாதம் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு.

பில்லியர்ட் மேசை வாங்கலாம் என்ற யோசனை என் கணவருடையது. தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில் மகன் சந்தைக்குப் பக்கத்தில் கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு பில்லியர்ட் சென்டரில்தான் கிடப்பான். அங்கே போகக் கூடாது என்று அவனை அதிகம் திட்டியவரும் என் கணவர்தான். ஒருநாள் சாயங்காலம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“அவன் வெளிய போக மாட்டான். வெளிய அவனுக்குப் புடிச்சது என்ன இருந்துச்சோ அத உள்ள கொண்டாந்துட்டா என்ன?”

“எத?”

“பில்லியர்ட் மேச. பேஸ்மென்ட் சும்மாதான கெடக்கு.”

அவர் அதைப் பல நாள் யோசித்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நீங்களே அவனிடம் கேளுங்கள் என்றேன். கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான்தான் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

“தம்பி, அப்பா கீழறையில பில்லியர்ட் மேச ஒண்ணு போடலாம்னு பாக்குறாரு. என்ன சைஸ் வாங்கணும்னு அவருக்குத் தெரியல.”

திரும்பி இரண்டு படி இறங்கியிருப்பேன்.

“ரூம் எவ்ளோ?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“பத்தொம்பது அடி நீளம், பதிமூணு அடி அகலம்னாரு.”

“தூண் ஒண்ணு இருக்கே லா அங்க. அத அளந்தாரா?”

அளக்கவில்லை என்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவன் அளவு நாடாவோடு இறங்கி வந்தான். தாடி மார்பைத் தொட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் தாண்டிப் போனான், கீழறை விளக்கைப் போட்டான். என் கணவர் என்னைப் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் மெதுவாக எழுந்து பின்னால் இறங்கினார்.

நான் இறங்கிப் போனபோது மகன் நாடாவின் ஒரு முனையைச் சுவரில் வைத்திருந்தான். மறுமுனையை அவன் அப்பா பிடித்திருந்தார். “இன்னும் கொஞ்சம் இழுங்கப்பா,” என்றான். பதினோரு மாதம் கழித்து அவன் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் இழுத்தார். இழுத்த முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் பழைய பொருள்களை எல்லாம் வெளியேற்றினோம். மகன் பழைய நாளிதழ்களை ஒட்டித் தரையில் மூன்று மேசைகளைச் செய்தான். ஒன்பதடி, எட்டடி, ஏழடி. விளக்குமாற்றுக் கம்பு ஒன்றைப் பந்தடிக்கும் கோலின் நீளத்துக்கு அறுத்துக்கொண்டான். ஒவ்வொரு காகித மேசையாக விரித்து, அதைச் சுற்றி நடந்து, குனிந்து, கம்பைப் பின்னால் இழுத்துப் பார்த்தான்.

“மேச எவ்ளோ பெருசுங்கறது விஷயமே இல்லம்மா,” என்றான். “அத சுத்தி எவ்ளோ எடம் இருக்குன்னுதான் பாக்கணும். பந்து ஓரத்துல ஒட்டி நின்னுச்சுன்னா முழுக் கோலும் மேசைக்கு வெளிய வரும். கோல் மட்டுமே கிட்டத்தட்ட அஞ்சடி. நாலு பக்கமும் அந்த அஞ்சடி வேணும்.”

“ஒம்போதடிதானே நீ வெளயாடுனது? வாங்குறதுன்னா அதையே வாங்குவோம்,” என்றார் அவன் அப்பா.

“போட்டா சொவத்துக்கும் மேசைக்கும் நடுவுல நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்பா. அடிக்க முடியாது.”

என் கணவர் சிரித்துவிட்டார். மகனும் கொஞ்சம் சிரித்தான். என்னிடம் கம்பைக் கொடுத்து, எட்டடிக் காகிதத்தின் ஒரு மூலையில் நின்று அடிக்கச் சொன்னான். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து கம்பைப் பின்னால் இழுத்தேன். அது டொக்கென்று தூணில் இடித்தது. “பாத்தீங்களா?” என்றான். ஏழடிக் காகிதத்தைப் படிக்கட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் தூண் ஒதுங்கிவிட்டது. எந்தப் பக்கம் நின்றாலும் கம்பு எதையும் தொடவில்லை. அவன் அந்தக் காகிதத்தின் நான்கு மூலைகளிலும் தரையில் பென்சிலால் குறி போட்டான்.

அதன் பிறகு பதினாறு நாள். நான் எண்ணி வைத்திருக்கிறேன். அந்தப் பதினாறு நாளும் அவன் மதியச் சாப்பாட்டுக்கு மேசைக்கு வந்தான். தாடியை எடுத்தான். கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து விளக்கு எங்கே தொங்க வேண்டும், நாற்காலி எங்கே வைக்கலாம் என்றெல்லாம் குறித்தான். பாலத்துக்கு அக்கரையில் ஜுருவில் பழைய மேசைகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் ஒருவரைக் கண்டுபிடித்து அவனே போன் செய்தான். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போன காலத்தில் அவன் போனில் பேசும் குரல் ஒன்று உண்டு. தெளிவாக, அவசரமில்லாமல், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் குரல். அந்தக் குரலை மறுபடி கேட்டேன். கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

கடைக்காரரிடம் அப்போது இருந்த ஏழடி மேசைகளில் துணிக்கு அடியில் இருந்தது பலகை. பலகை ஈரத்துக்கு உப்பிவிடும், கீழறைக்கு ஆகாது, கல் பதித்ததுதான் வேண்டும் என்றான் மகன். கல் பதித்த ஏழடி வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

“ஒரு மாசம்தானேப்பா, வெயிட் பண்ணலாம்,” என்றான். “நீங்க போய் முன்பணம் மட்டும் குடுத்துட்டு வாங்க.”

நீயும் வாயேன் என்று கூப்பிட்டேன். இன்னொரு நாள் வருகிறேன் என்றான்.

என் கணவர் காடியை ஓட்டிக்கொண்டு தீவிலிருந்து பாலத்தில் ஏறினார். பாதி வழியில் கேட்டார், “ஒரு மாசம் அவன் இப்படியே இருப்பான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?”

எனக்கும் அதே பயம்தான். தினமும் மதியம் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கும்வரை நான் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன். ஆனால் அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஜுருவில் காடி விற்கும் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கிடங்கு. கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், நம் ஆள், நல்ல மாதிரி. எங்களை உட்கார வைத்து மைலோ கொடுத்தார். முன்பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதும்போது, “அண்ணே, ஒண்ணு பாக்குறீங்களா? கட்டாயம் இல்ல,” என்று உள்ளே அழைத்துப் போனார்.

எட்டடி மேசை. மூடிவிட்ட ஏதோ ஓட்டலிலிருந்து வந்ததாம். கல் பதித்தது. கால்களில் பூவேலை. பச்சைத் துணி புதிது. அவர் ஒரு பந்தை உருட்டிவிட்டார். அது சத்தமே இல்லாமல் நேராகப் போய், மறுமுனையில் மெல்ல மோதி, வந்த கோட்டிலேயே திரும்பி வந்தது.

“ஏழடியிலயும் இதே தரம் கெடைக்குமா?” என்று கேட்டார் என் கணவர்.

“இந்த மாதிரி கெடைக்காதுண்ணே. உங்க மகன் சொன்ன அளவுக்கு இது கொஞ்சம்தான் கூட. ரெண்டு சின்னக் கோல் சேத்துத் தரேன், தூண்கிட்ட அடிக்க அத வச்சுக்கலாம். வேணும்னா நாளைக்கே ஏத்திருவேன்.”

நாளைக்கே. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கைப்பையில் போன் இருந்தது. மகனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான், பிறகு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தரையில் அவன் போட்ட பென்சில் குறி என் கண்முன் வந்தது. விளக்குமாற்றுக் கம்பு தூணில் இடித்ததும் நினைவிருந்தது. இருந்தும் நான், “எட்டடின்னா இன்னும் நல்லதுதானே,” என்றேன். பல வருடங்களாக என் கணவர்தான் அதை வாங்கினார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

அவனிடம் சொல்ல வேண்டாம், பார்த்ததும் சந்தோஷப்படட்டும் என்று வழியில் முடிவு செய்தோம்.

மறுநாள் நான்கு பேர் வந்து கல்லை மூன்று துண்டாகப் படியில் இறக்கினார்கள். மேசையைப் பொருத்தி, மட்டம் பார்த்து, துணியை இழுத்து அடித்தார்கள். சத்தம் கேட்டு மகன் இறங்கி வந்தபோது வேலை முடியும் தறுவாய். என் கணவர் துணிக்கடையில் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் அப்பாவைப் போல நின்றுகொண்டிருந்தார்.

மகன் மேசையைப் பார்த்தான். கையால் துணியைத் தடவினான். பிறகு தூணுக்கும் மேசைக்கும் நடுவில் போய் நின்றான்.

“எட்டா?” என்றான்.

“ஆமாப்பா. கல்லு. ஓட்டல்ல கெடந்தது. பந்து என்னமா ஓடுது பாரு.”

அவன் தரையைப் பார்த்தான். பென்சில் குறிகளில் இரண்டு மேசைக் கால்களுக்கு அடியில் போயிருந்தன. மற்ற இரண்டும் வெளியே தெரிந்தன.

“நல்ல மேசப்பா,” என்றான்.

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘நான் என்ன சொன்னேன், நீங்க என்ன வாங்கிட்டு வந்தீங்க’ என்று ஒரு கத்து கத்தியிருந்தால் அன்றைக்கே அந்த மேசையைத் திருப்பி அனுப்பியிருப்போம். அவன் வந்தவர்களுக்கு நன்றி சொன்னான். அன்று சாயங்காலம் அப்பாவோடு இரண்டு ஆட்டம் ஆடினான். தூண் பக்கம் பந்து போகும்போதெல்லாம் கோலை நட்டுக்குத்தாகத் தூக்கி, உடம்பை வளைத்து எப்படியோ அடித்தான். என் கணவர் ஓடிப்போய்ச் சின்னக் கோலை எடுத்து நீட்டினார். மகன் அதை வாங்கிப் பார்த்தான். “இது பிள்ளைங்க வெளயாடுறதுப்பா,” என்று சுவரில் சாய்த்து வைத்தான்.

நான்கு நாள் இறங்கி வந்தான். ஐந்தாம் நாள் மதியம் நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். சாம்பார் ஆறிப்போனது. தட்டில் போட்டு மேலே கொண்டுபோய் வைத்தேன்.

அந்த வாரமே என் கணவர் கதவுக்கு வெளியே போய் நின்றார். அவரே தட்டினார். அதற்கு முன் அவர் அந்தக் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை.

“தம்பி. அந்த ஆள்கிட்ட பேசிட்டேன். மேசைய எடுத்துக்கறேங்கறான். நீ சொன்ன ஏழடி வந்ததும் கொண்டாந்து போட்டுருவான். மாத்திருவோமா?”

“வேணாம்பா.”

“தப்பு என்னோடதுதான்யா.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. விடுங்க,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. மரியாதையான குரல். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல இருந்தது. என் கணவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

நான் மட்டும் தனியாகப் போய் அந்த மருத்துவரை மறுபடி பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ்ப் பெண்தான், என்னைவிட இருபது வயது இளையவர். “அம்மா, இது மேசையால வந்த நோயும் இல்ல, மேசையால போற நோயும் இல்ல. ஏழடி வாங்கியிருந்தாலும் இப்படி ஆயிருக்கலாம்,” என்றார். மகனை அழைத்து வரச் சொன்னார். மூன்று முறை நாள் குறித்தோம். மூன்று முறையும் அவன் கிளம்பவில்லை. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். படித்தவர். ஆனால் அந்தப் பதினாறு நாளை அவர் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் என் பிள்ளை ஒரே ஒரு விஷயத்தைத் தானாக அளந்து, யோசித்து, முடிவு செய்து எங்கள் கையில் கொடுத்தான். அதை நாங்கள் ஒரு மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டு வந்தோம். இதை எந்த மருத்துவரிடம் சொன்னாலும் ஆறுதல்தான் சொல்வார்கள்.

மேசை அங்கேயேதான் இருக்கிறது. ஒரு வருடம் போல என் கணவர் தினமும் நான்கு மணிக்குத் தனியாகப் போய் ஆடினார். அவருக்கு ஆடத் தெரியாது. கோல் தூணில் இடிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்கும். மேலே கேட்டால் மகன் ஒருவேளை இறங்கி வந்து சொல்லிக்கொடுப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்டதில்லை. பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்தது. படியிறங்குவதை நிறுத்திவிட்டார். அந்த மழைக்காலத்தில் மலைப்பக்கச் சுவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கசிந்தது. பச்சைத் துணியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்தது. துடைத்தேன், மறுபடி பூத்தது. பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டு மூடினேன். கோயிலில் தெரிந்த ஒருவர் தம் வீட்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று வந்து பார்த்தார். என் கணவர் விற்கவில்லை.

போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தனியாகப் போனேன். முன்பெல்லாம் அவனுக்காகப் பால்குடம் எடுத்தேன். இந்தத் தடவை வெறுங்கையோடு ஏறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மகன் இப்ப எங்க வேல செய்றான்?”

“வீட்லதான் இருக்கான்க்கா.”

“வீட்ல இருந்தே வேலயா? இப்ப எல்லாரும் அப்படித்தானே. நல்லது லா.”

ஆமாம் என்றேன். மேலே போய் வேலின் முன்னால் நின்றேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ‘அவனுக்கு வேலை கொடு’ என்பதில் தொடங்கி, பிறகு ‘வெளியே வரட்டும்’, பிறகு ‘ஒரு வேளை எங்களோடு சாப்பிடட்டும்’ என்று வருடத்துக்கு வருடம் நானே குறைத்துக்கொண்டு வந்திருந்தேன். இதற்குக் கீழே கேட்க என்ன இருக்கிறது என்று யோசிப்பதற்குள் கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது.

அவனுக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் பிறகு யார் தட்டு வைப்பார்கள் என்ற பேச்சை நாங்கள் இருவரும் தொடங்கியதில்லை. தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

இன்று காலையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்த என் கணவர் திடீரென்று, “கேட்டிருக்கணும். ஒரு போன் போட்டு அவன கேட்டிருக்கணும்,” என்றார். நான்கு வருடம் கழித்து. எதைப் பற்றி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எட்டடியே நல்லது என்று சொன்னது நான்தான் என்று அவர் ஒருநாள்கூட என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. இன்றும் சொல்லவில்லை. நனைந்த ரொட்டித் துண்டு கோப்பைக்குள் விழுந்தது. கரண்டியை எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாடியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் எழுந்துவிட்டான். குளித்துவிட்டு வந்ததும் பசிக்கும். காலையில் பசாரில் வாங்கி மசாலா தடவி வைத்திருந்த கெம்போங் மீனை எடுத்து, சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினேன்.